புகழ் கேட்டவர்களும் கேள்வி கேட்டவர்களும்

சிசிலித் தீவின் சைராக்யூஸ் நகரம்: பிண்டார் முதல் விட்டோரினி வரை

கி.மு. 400-ஐ ஒட்டி சைராக்யூஸ் நகரில் வெட்டப்பட்ட வெள்ளி நாணயம் ஒன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கிறது. பத்து திராக்மா மதிப்பு, ஏறத்தாழ 43 கிராம் எடை. ஒரு பக்கம் நான்கு குதிரை பூட்டிய தேர் பாய்கிறது. மறுபக்கம் ஊரின் நீரூற்றுத் தேவதை அரெதூசாவின் முகம், அவளைச் சுற்றி நான்கு டால்பின்கள். அவள் தலைப்பட்டையை உற்றுப் பார்த்தால் பொடி எழுத்தில் ஒரு பெயரின் தொடக்கம் தெரியும். முழுப் பெயர் கழுத்துக்குக் கீழே டால்பின் உடலில் இருக்கிறது: கிமோன். அச்சை வெட்டிய கைவினைஞரின் பெயர் அது.

அப்போது நகரை ஆண்டவன் முதலாம் டயோனீசியஸ். மேற்கு மத்தியதரைக் கடலில் கிரேக்கர்களில் அவனை மிஞ்சிய ஆட்சியாளன் இல்லை. ஆனால், அவன் பெயர் நாணயத்தில் கிடையாது. ஊர் மக்களின் பெயரும் கம்மியரின் கையெழுத்தும் மட்டும்தான் உண்டு.

சிசிலியின் தென்கிழக்குக் கரையில், ஓர்திகியா என்ற குட்டித் தீவில் தொடங்கிய ஊர் இது. கிரேக்கத்தின் கொரிந்த் நகரிலிருந்து வந்தவர்கள் கி.மு. 734-ஐ ஒட்டி இங்கே குடியேறினார்கள். கடலலை தொட்டுவிடும் தூரத்தில் நன்னீர் ஊற்று, இருபுறமும் துறைமுகம், பின்னால் கோதுமை விளையும் மண். ஊர் செழித்தது, பிறகு தலைநிலத்திலும் பரந்தது. பணம் சேர்ந்த இடத்தில் சர்வாதிகாரிகள் முளைத்தார்கள். அவர்களைத் தேடிக் கவிஞர்களும் தத்துவ ஞானிகளும் பொறியாளர்களும் கப்பலேறி வந்தார்கள். அறிவாளி அதிகாரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கலாம் என்ற கேள்விக்கு, இந்த ஒரே ஊரில் இத்தனை விதமான பதில்கள் கிடைக்கின்றன.

குதிரை வென்றது, பாட்டு வந்தது

பக்கத்து ஊரான கேலாவிலிருந்து வந்து கி.மு. 485-இல் நகரைக் கைப்பற்றியவன் கெலோன். தன் பழைய ஊரில் பாதிப் பேரைப் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே குடியமர்த்தினான். கி.மு. 480-இல் ஹிமேரா போரில் வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜின் படையை முறியடித்தான். அதன் வெற்றிச் சின்னமாக ஓர்திகியாவில் எழுந்த அதீனா கோயில் இன்றும் நிற்கிறது, நகரின் தேவாலயமாக. அரபியர் காலத்தில் அதுவே மசூதி. 1693 நிலநடுக்கத்துக்குப் பிறகு முகப்பு மட்டும் பரோக் பாணியில் புதிதாகக் கட்டப்பட்டது. உள்ளே போனால், பக்கச் சுவருக்குள் பாதி புதைந்த நிலையில் கிரேக்கக் கோயிலின் பருத்த தூண்கள் வரிசையாக நிற்கின்றன. ஞாயிறு பூசைக்கு வருபவர்கள் 2,500 ஆண்டுப் பழைய தூணில் சாய்ந்துகொள்ளலாம்.

கெலோனுக்குப் பின் அவன் தம்பி முதலாம் ஹியரோன் ஆட்சிக்கு வந்தான். கி.மு. 476-இல் ஒலிம்பியாவில் அவனுடைய குதிரை ஃபெரெனிகோஸ் முதலிடம் பெற்றது. வெற்றியைப் பாடியவர் கிரேக்கத்தின் ஆகப் பெரிய இசைப்பாக் கவிஞர் பிண்டார். போட்டிக் கவிஞர் பாக்கிலிடீஸும் அதே வெற்றியைப் பாடினார். நாடகாசிரியர் எஸ்கிலஸையும் வரவழைத்தான். கட்டானா மக்களைத் துரத்திவிட்டு அந்த இடத்தில் ஹியரோன் 'எட்னா' என்று புது ஊர் நிறுவியபோது, அதை வாழ்த்தி எஸ்கிலஸ் ஒரு நாடகமே எழுதினார். துரத்தப்பட்டவர்களுக்காக யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

இந்த அரசவையின் உண்மை நிலையைச் சொன்னவர் முதிய கவிஞர் சிமோனிடீஸ். அறிவு பெரிதா, செல்வம் பெரிதா என்று ஹியரோனின் மனைவி கேட்டாளாம். செல்வந்தர் வீட்டு வாசலில்தான் அறிவாளிகள் காத்துக் கிடப்பதைப் பார்க்கிறேனே, அப்படியானால் செல்வம்தான் பெரிது என்றாராம். அரிஸ்டாட்டில் பதிவு செய்த கதை இது. கூழுக்குப் பாடியவர்தான் சிமோனிடீஸ்; ஆனால், கூழுக்குத்தான் பாடுகிறோம் என்பதை மறைக்காதவர்.

வழக்காடக் கற்ற ஊர்

கி.மு. 466-இல் மக்கள் கிளர்ந்து அந்தக் குடும்பத்தை விரட்டினார்கள். அடுத்து வந்த சிக்கல் சுவையானது. சர்வாதிகாரிகள் நிலங்களைப் பிடுங்கித் தங்கள் கூலிப்படையினருக்குக் கொடுத்திருந்தார்கள். இப்போது பழைய சொந்தக்காரர்கள் நீதிமன்றத்தில் வந்து நின்றார்கள். அவரவர் வழக்கை அவரவரே பேச வேண்டும். எப்படிப் பேசினால் ஜெயிக்கலாம் என்று கற்றுக்கொடுக்க கோராக்ஸ், திசியாஸ் என்ற இருவர் முன்வந்தார்கள். மேற்குலகில் பேச்சுக்கலை ஒரு பாடமாகப் பிறந்தது இப்படித்தான் என்கிறது பழைய மரபு. அரசவைப் புகழ்ப்பாட்டு முடிந்த ஊரில், காணி நிலத்துக்கான வாதம் தொடங்கியது.

இந்த மக்களாட்சிதான் கி.மு. 415-இல் ஏதென்ஸின் மாபெரும் கப்பற்படையை எதிர்கொண்டது. ஹெர்மோக்ரடீஸ் என்ற தலைவரின் முன்யோசனையும், ஸ்பார்ட்டா அனுப்பிய தளபதி கிலிப்பஸின் போர்த்திறனும் ஊரைக் காத்தன. கி.மு. 413-இல் பிடிபட்டவர்களில் 7,000 பேருக்குக் குறையாமல் நகரின் கல்குவாரிகளில் அடைக்கப்பட்டார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தானியம், கால் லிட்டர் தண்ணீர். பகலில் வெயில், இரவில் குளிர், பக்கத்தில் பிணங்கள். எட்டு மாதங்கள் இப்படி. யூரிபிடீஸின் நாடக வரிகள் மனப்பாடமாகத் தெரிந்த சில ஏதென்ஸ்காரர்கள், அவற்றைச் சொல்லிக் காட்டி உயிர் பிழைத்தார்கள் என்று வரலாற்று எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். எதிரி நாட்டுக் கவிதைக்கு இவ்வளவு ஏங்கியவர்கள், மனிதர்களை அப்படிச் சாகவும் விட்டார்கள்.

ஒரே மன்னன், இரண்டு முகம்

அதன் பிறகு வந்த கார்த்தேஜ் போரின் களேபரத்திலிருந்து எழுந்தவன்தான் முதலாம் டயோனீசியஸ். கி.மு. 405 முதல் 367 வரை 38 ஆண்டுகள் ஆண்டான். தலைக்கு மேல் ஒற்றை மயிரில் வாள் தொங்க விருந்துண்ட டாமக்ளீஸின் கதை இவன் அரண்மனையில் நடந்ததாகத்தான் ரோமானியப் பேச்சாளர் சிசரோ சொல்கிறார்.

இவனிடம் இரண்டு விதமான ஆட்கள் வேலை பார்த்தார்கள். முதல் வகை பொறியாளர்கள். கி.மு. 399-இல் கார்த்தேஜுடன் போருக்குத் தயாரானபோது, இத்தாலியிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் ஏன், எதிரி ஆண்ட பகுதிகளிலிருந்தும்கூட கைவினைஞர்களை அதிகக் கூலி கொடுத்து அழைத்தான். பட்டறைகளுக்குத் தினமும் நேரில் போனான், சிறப்பாக வேலை செய்தவர்களைத் தன்னோடு உட்காரவைத்துச் சாப்பிட்டான். விளைவு, கிரேக்க உலகின் முதல் கவண் பொறி அங்கே பிறந்தது. நகருக்கு மேலே எபிபோலே மேட்டில் 60,000 பேர் இருபதே நாளில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் மதில் எழுப்பினார்கள் என்கிறார் வரலாற்றாசிரியர் டயோடோரஸ்.

இரண்டாம் வகை கவிஞர்கள். மன்னனுக்குத் துன்பியல் நாடகம் எழுதும் ஆசை. பந்தியில் சேர்ந்தவர்கள் எல்லாம் ஜால்ரா தட்ட, ஃபிலோக்ஸெனஸ் என்ற கவிஞர் மட்டும் கவிதை மோசம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். கல்குவாரிச் சிறைக்கு அனுப்பப்பட்டார். நண்பர்கள் மன்றாடியதில் விடுதலையாகி மறுபடி விருந்துக்கு வந்தார். மன்னன் புதிதாகச் சில வரிகளை வாசித்து, இப்போது எப்படி என்று கேட்டான். ஃபிலோக்ஸெனஸ் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. காவலர்களைப் பார்த்து, என்னைக் குவாரிக்கே கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்.

ஒரே மன்னன்தான். பொறியாளர்களிடம் அவன் கேட்டது பதில் தெரியாத கேள்வி: அம்பை இன்னும் தொலைவுக்கு எப்படி எறிவது? கவிஞரிடம் கேட்டது முன்கூட்டியே முடிவு செய்த பதில். முன்னதில் புதுமை பிறந்தது. பின்னதில் ஒரு நகைச்சுவைக் கதைதான் மிஞ்சியது. கடைசியில் கி.மு. 367-இல் ஏதென்ஸின் நாடகப் போட்டியில் அவனுக்குப் பரிசு கிடைத்தது. அதன் பிறகு அவன் அதிக நாள் உயிரோடு இல்லை.

பிளேட்டோ மூன்று முறை வந்தார்

பிளேட்டோவுக்கும் இந்த ஊருக்கும் விட்டகுறை தொட்டகுறை. 'குடியரசு' நூலின் உரையாடல் நடக்கும் வீடு, சைராக்யூஸிலிருந்து ஏதென்ஸுக்குக் குடிபெயர்ந்த கெஃபாலஸ் என்பவரின் குடும்பத்துடையது. பிளேட்டோ முதலில் இங்கே வந்தது கி.மு. 388-ஐ ஒட்டி. அவர் பெயரில் வழங்கும் ஏழாவது கடிதத்தைப் படித்தால், நாளுக்கு இரண்டு வேளை வயிறு முட்டத் தின்னும் ஊர் வழக்கமே அவருக்கு ஒவ்வவில்லை என்று தெரிகிறது. அந்தப் பயணத்தில் கிடைத்த ஒரே நல்ல மாணவன், மன்னனின் மைத்துனன் டியோன்.

மன்னன் இறந்து அவன் மகன் இரண்டாம் டயோனீசியஸ் அரியணை ஏறியதும், டியோன் தன் குருவை மீண்டும் அழைத்தான். தத்துவ ஞானியை அரசனாக்க முடியாவிட்டால் அரசனைத் தத்துவ ஞானியாக்கலாமே என்ற கணக்கு. கி.மு. 367-இல் பிளேட்டோ வந்ததும் அரண்மனையில் வடிவியல் மோகம் பற்றிக்கொண்டது. அக்காலத்தில் புழுதியைப் பரப்பி அதில்தான் வட்டமும் முக்கோணமும் வரைவார்கள். அரண்மனை முழுக்கப் புழுதி பறந்ததாம். நான்கு மாதங்கள்தான். டியோன் ஆட்சியைக் கவிழ்க்கப் பார்க்கிறான் என்று வத்தி வைத்தார்கள். அவன் நாடு கடத்தப்பட்டான். பிளேட்டோ ஓர்திகியா கோட்டைக்குள் மரியாதைக்குரிய கைதியானார்.

விடுபட்டு ஊர் திரும்பியவர், அப்படியும் கி.மு. 361-இல் மூன்றாவது முறை வந்தார். இளம் மன்னன் தத்துவத்தில் மூழ்கியிருக்கிறான் என்று செய்தி வந்ததுதான் காரணம். வந்து பார்த்தால், அங்கங்கே காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு எல்லாம் தெரிந்ததாகப் பேசினான் மன்னன். அவனுக்கு வேண்டியிருந்தது பிளேட்டோவின் பாடமல்ல, பிளேட்டோவின் நண்பன் என்ற பெயர். கூலிப்படை வீரர்கள் தன்னைக் கொன்றுவிடுவார்கள் என்ற நிலை வந்தபோது, தாரந்தம் நகரை ஆண்ட கணித அறிஞர் ஆர்க்கிட்டாஸ் கப்பல் அனுப்பி அவரை மீட்டார்.

டியோன் படையோடு திரும்பி கி.மு. 357-இல் நகரைப் பிடித்தான். கையில் அதிகாரம் வந்ததும் அவனும் தன் எதிரியைக் கொலை செய்ய விட்டுக்கொடுத்தான். கி.மு. 354-இல் அவனையே கொன்றவன், ஏதென்ஸிலிருந்து நண்பனாக உடன் வந்த காலிப்பஸ்.

குழப்பத்தை முடித்தவர் தத்துவம் பேசாத ஒரு முதியவர். தாய் நகரான கொரிந்த் அனுப்பிய தளபதி திமோலியோன் கி.மு. 344-இல் வந்து சேர்ந்தார். இரண்டாம் டயோனீசியஸ் சரணடைந்து கொரிந்த்துக்குப் போனான். அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்தான் என்கிறார்கள். ஓர்திகியா கோட்டையைக் கைப்பற்றிய திமோலியோன் அதற்குள் குடியேறவில்லை. விருப்பமுள்ளவர்கள் கடப்பாரையோடு வரலாம் என்று பறையறைந்தார். ஊரே திரண்டு வந்து கோட்டையைத் தரைமட்டமாக்கியது. அந்த இடத்தில் நீதிமன்றங்களைக் கட்டினார். பிறகு பதவியை விட்டு விலகி, பார்வை போன நிலையிலும் இதே ஊரில் சாதாரணக் குடிமகனாக வாழ்ந்து இறந்தார். பிளேட்டோவின் மூன்று பயணங்கள் தராததை இந்தக் கடப்பாரைகள் தந்தன, ஒரு தலைமுறைக்கு.

கிரீடத்தில் கலப்படம் உண்டா?

அடுத்த நல்ல காலம் இரண்டாம் ஹியரோனுடையது. 54 ஆண்டு ஆண்டு, 90 வயது தாண்டி கி.மு. 215-இல் இறந்தான். குடிமக்களில் ஒருவரைக்கூடக் கொல்லாமல், நாடு கடத்தாமல் ஆட்சிக்கு வந்தவன் என்று வரலாற்றாசிரியர் பாலிபியஸ் வியக்கிறார். ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் நடுவே ரோமோடு நட்பாக இருந்து ஊரைப் போரிலிருந்து காத்தான்.

ஆர்க்கிமிடீஸ் வாழ்ந்தது இவன் நிழலில். யுரேகா கதை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதை எழுதியவர் சுமார் இருநூறு ஆண்டு பிந்திய ரோமானியர் விட்ருவியஸ். தொட்டியிலிருந்து எழுந்து ஓடினாரா இல்லையா என்பது கிடக்கட்டும். மன்னன் கேட்ட கேள்வியைக் கவனிக்க வேண்டும்: இந்தக் கிரீடத்தில் பொற்கொல்லன் வெள்ளி கலந்திருக்கிறானா? பதில் அவனுக்குத் தெரியாது. தன் விருப்பப்படி அதை மாற்றவும் முடியாது.

ஆர்க்கிமிடீஸ் ஹியரோனின் மகன் கெலோனுக்கு எழுதிய 'மணல் எண்ணுநர்' நூலும் அத்தகைய ஒன்றுதான். பிரபஞ்சம் முழுக்க மணலை நிரப்பினால் எத்தனை மணல் இருக்கும்? கிரேக்க எண் முறையில் அவ்வளவு பெரிய எண்ணை எழுத வழியே இல்லை. ஆர்க்கிமிடீஸ் புதிய முறை ஒன்றை உருவாக்கி, 1-க்குப் பின் 63 பூஜ்யம் போட்டால் அதற்குள் அடங்கிவிடும் என்று காட்டினார். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று வானியலாளர் அரிஸ்டார்கஸ் சொன்னதை நமக்குத் தெரிவிக்கும் முதன்மைச் சான்றும் இந்தச் சிறு நூல்தான். இளவரசனுக்கு எழுதிய நூலில் முகத்துதிக்குப் பதில் கணக்கு இருக்கிறது.

ஹியரோனின் பேரன் ஹியரோனிமஸ் பதினைந்து வயதில் பட்டம் ஏறி, தாத்தாவின் கொள்கையைக் கைவிட்டு கார்த்தேஜ் பக்கம் சாய்ந்தான். ஓராண்டு தாண்டியதும் கொல்லப்பட்டான். ரோமின் தளபதி மார்செல்லஸ் கி.மு. 213-இல் நகரை முற்றுகையிட்டான். ஆர்க்கிமிடீஸின் பொறிகள் பாறைகளை வீசின, இரும்புக் கொக்கிகள் கப்பலின் மூக்கைப் பிடித்துத் தூக்கிக் கவிழ்த்தன. மதிலுக்கு மேல் ஒரு கயிறு தெரிந்தாலே ரோமானிய வீரர்கள் ஓட்டம் பிடித்தார்களாம். (கண்ணாடியால் கப்பலை எரித்தார் என்பது பிற்காலச் சேர்க்கை, பழைய வரலாற்றாசிரியர்கள் அதைச் சொல்லவில்லை.)

நகரம் விழுந்தது வேறொரு கணக்கால். பேச்சுவார்த்தைக்கு மதில் அருகே வந்த ஒரு ரோமானிய வீரன் கல் வரிசைகளை எண்ணி, ஒரு கல்லின் உயரத்தை மனத்தில் அளந்து பெருக்கிப் பார்த்தான். நினைத்ததைவிட மதில் தாழ்வு. ஆர்ட்டெமிஸ் திருவிழாவில் ஊர் குடித்துக் கிடந்த இரவில் ஏணி வைத்து ஏறினார்கள். ஓர்திகியாவும் விழுந்த கி.மு. 212-இல், உயிரோடு பிடிக்க வேண்டும் என்ற உத்தரவையும் மீறி ஒரு சிப்பாய் ஆர்க்கிமிடீஸைக் கொன்றான்.

கவண் பொறியையோ கொக்கியையோ தன் கல்லறையில் செதுக்க அவர் கேட்கவில்லை. உருளை, அதற்குள் கச்சிதமாகப் பொருந்திய கோளம்: உருளையின் கன அளவில் மூன்றில் இரண்டு பங்கு கோளம் என்ற தன் நிரூபணத்தையே கேட்டார். 137 ஆண்டுகள் கழித்து, கி.மு. 75-இல், சிசிலியில் ரோமின் நிதி அதிகாரியாக இருந்த இளம் சிசரோ அந்தக் கல்லறையைத் தேடினார். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றார்கள் ஊர்க்காரர்கள். முட்புதருக்கு மேல் கோளமும் உருளையும் தெரிந்த ஒரு சிறு தூணைக் கண்டுபிடித்தவர் அவர்தான். சில ஆண்டுகளில் அதே தீவுக்கு ஆளுநராக வந்த வெர்ரெஸ், அதீனா கோயில் கதவின் தங்கத்தைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போனான். கி.மு. 70-இல் அவனைக் கூண்டில் ஏற்றி ஊரைவிட்டே ஓடவைத்தவரும் சிசரோதான்.

ஊரை விட்டுப் போனவர்கள்

அறிவாளியை ஊரில் வைத்துக்கொள்ளாததும் இந்த நகரத்தின் கதைதான். முல்லை நில வாழ்வைப் பாடும் கவிதை மரபை மேற்கில் தொடங்கிவைத்த தியோக்ரிடஸ் இங்கே பிறந்தவர். இரண்டாம் ஹியரோனிடம் ஆதரவு கேட்டு ஒரு பாட்டெழுதினார். பலன் கிடைத்ததாகத் தெரியவில்லை. அலெக்சாண்ட்ரியா போய்ச் சேர்ந்தார். அங்கே அவர் எழுதிய ஒரு நாடகக் கவிதையில், சைராக்யூஸ் பெண்கள் இருவர் திருவிழாக் கூட்டத்தில் வாயடித்துக்கொண்டே போகிறார்கள். அவர்களது பட்டிக்காட்டுப் பேச்சைப் பற்றி ஒருவன் முணுமுணுக்க, எங்கள் ஊர்ப் பேச்சு அப்படித்தான் என்று அவனை ஒரு பிடி பிடிக்கிறார்கள்.

கி.பி. 878-இல் நகரம் அரபியர் வசமானது. அந்த அரபுச் சிசிலியின் பெருங்கவி இப்னு ஹம்தீஸ், 1056-ஐ ஒட்டி இங்கே பிறந்தார். நார்மன் படைகள் தீவை விழுங்கிக்கொண்டிருந்தபோது இருபத்து சொச்சம் வயதில் ஸ்பெயினின் செவில் நகரத்துக்குப் போனார். அங்கே மன்னன் அல் முஃதமிதின் அவைக்கவி. பிறந்த ஊருக்குத் திரும்பவே முடியவில்லை. 1133-இல் இறக்கும்வரை அந்த ஏக்கத்தைப் பாடினார். 1091-இல் மன்னன் பதவி இழந்து மொராக்கோவில் சிறைப்பட்டபோது, அங்கும் அவனைத் தேடிப் போனார். கொடுக்க ஒன்றுமில்லாத மன்னனையும் பாடிய கவிஞர் அவர்.

லூசியாவும் தப்பி வந்த ஓவியனும்

இன்று ஊர் மக்கள் நெஞ்சில் முதலிடம் மன்னனுக்கும் இல்லை, கணித மேதைக்கும் இல்லை; புனித லூசியாவுக்கு. கி.பி. 304-இல் ரோமப் பேரரசின் துன்புறுத்தலில் உயிரிழந்த இளம்பெண் என்பது மரபு. டிசம்பர் 13 அன்று அவரது வெள்ளிச் சிலை தெருக்களில் தோள்மேல் வரும். அன்று சிசிலியில் ரொட்டி தொடாமல் வேகவைத்த கோதுமை உண்பார்கள். கொழும்பு கொட்டாஞ்சேனைப் பேராலயம் இவர் பெயரில்தான் இருக்கிறது.

1608-இல் மால்டா தீவின் சிறையிலிருந்து தப்பி இங்கே வந்தார் ஓவியர் காரவாஜ்ஜியோ. லூசியாவின் அடக்கத்தை வரையும் வேலை கிடைத்தது. நான்கு மீட்டர் உயரத் துணியில் கண்ணில் முதலில் படுபவர்கள், குனிந்து மண் தோண்டும் இரண்டு முரட்டு வெட்டியான்கள். ஆசீர்வதிக்கும் ஆயர் ஓரத்தில். புனிதை பின்னால் தரையில் சின்னதாக, ஒரு கை விரிந்து கிடக்கிறாள். படத்தின் மேல்பாதி வெறும் சுவர். அதிகாரத்துக்கு இவ்வளவு சிறிய இடம் தந்த கோயில் படம் அக்காலத்தில் அரிது. உள்ளூர் அறிஞர் மிராபெல்லா அவரைப் பழைய குவாரிக்கு அழைத்துப் போனார். 23 மீட்டர் உயரமுள்ள குகையைப் பார்த்து 'டயோனீசியஸின் காது' என்று பெயர் வைத்தவர் காரவாஜ்ஜியோதான். கைதிகளை மன்னன் ஒட்டுக்கேட்ட இடம் என்று வழிகாட்டிகள் இன்றும் சொல்வது அந்தப் பெயரின் மேல் வளர்ந்த கதை.

ஊதுகுழல் வாசிக்க மறுத்தவர்

இந்த வரிசையில் கடைசிப் பெயர் எலியோ விட்டோரினி. 1908-இல் இங்கே ஒரு ரயில்வே ஊழியரின் மகனாகப் பிறந்தார். 'சிசிலியில் உரையாடல்' நாவல் 1938–39-இல் இதழில் தொடராக வந்து, 1941-இல் நூலானது. முசோலினி ஆட்சி அதை விரும்பவில்லை. 1943-இல் விட்டோரினி சிறை சென்றார். போருக்குப் பின் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தபடியே 1945-இல் 'இல் பொலிதெக்னிகோ' என்ற இதழைத் தொடங்கினார். இதழின் போக்கைக் கட்சித் தலைவர் தொலியாத்தி கண்டித்தபோது, எழுத்தாளனின் வேலை புரட்சிக்கு ஊதுகுழல் வாசிப்பதல்ல என்று பதில் எழுதினார். இதழ் 1947-இல் நின்றது. ஃபிலோக்ஸெனஸ் வாயால் சொன்னதை அதே மண்ணில் பிறந்தவர் எழுத்தில் சொன்னார். இந்த முறை கேட்டவர் எதிரியாக இருந்த சர்வாதிகாரி அல்ல, சொந்தக் கட்சி. அதனால் அதைச் சொல்வது இன்னும் கடினம்.

நகரின் பழைய அரைவட்ட அரங்கில் 1914-இல் எஸ்கிலஸின் 'அகமெம்னான்' மேடையேறியது. அன்று தொடங்கிய கிரேக்க நாடக விழா உலகப் போர்களால் தடைபட்டும் ஒவ்வொரு கோடையிலும் தொடர்கிறது. ஹியரோனைக் குளிர்விக்க எஸ்கிலஸ் எழுதிய எட்னா நாடகம் சில துணுக்குகள் தவிர அழிந்துவிட்டது. வெற்றி வீரனாக வீடு திரும்பும் மன்னன் குளியலறையில் வெட்டுப்படும் நாடகத்துக்குத்தான் கூட்டம் வருகிறது.

ஆதரவு கொடுத்த மன்னர்களால் அழகான கவிதைகள் கிடைத்தன. பிண்டாரைப் படிக்கும் யாரும் அதை மறுக்க முடியாது. அரசவையிலிருந்து விலகி நின்றவர்கள் மட்டுமே நேர்மையானவர்கள் என்றும் சொல்ல முடியாது. ஆர்க்கிமிடீஸ் அரசனின் பக்கத்திலேயே இருந்தார். சைராக்யூஸ் காட்டும் வேறுபாடு தூரத்தில் இல்லை, கேட்ட கேள்வியில் இருக்கிறது. எந்த ஆட்சியிலும், எந்தக் கட்சி அலுவலகத்திலும், அறிஞர் குழு ஒன்றை அமைக்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான்: தலைவருக்குப் பிடிக்காத பதில் வந்தால் அது ஏட்டில் ஏறுமா? ஏறும் என்றால் அங்கே ஒரு ஆர்க்கிமிடீஸுக்கு வேலை இருக்கிறது. ஏறாது என்றால், எத்தனை விருது கொடுத்தாலும் அது குவாரிக்குப் பக்கத்தில் போட்ட பந்திதான்.